ஏழு பப்பாளியும் ஒரு ஆண் மரமும்

தேதி தப்பிய மூன்றாம் நாள் காலையில் முத்துலட்சுமி பாயைச் சுருட்டி எடுத்துக்கொண்டு பின்வாசல் தகரக் கொட்டகையில் போய் உட்கார்ந்தாள். வீட்டுக்குத் தூரமாகிவிட்டேன் என்று மாமியார் மொக்கம்மாளிடம் சொன்னது பச்சைப் பொய். பதினோரு வருடக் குடித்தனத்தில் அவளும் பொய் சொல்லாதவள் இல்லை. சேலை விலையைக் குறைத்துச் சொல்லியிருக்கிறாள், கொழுந்தன் வீட்டு விசேஷத்துக்குப் போகாமலிருக்கத் தலைவலி என்று படுத்திருக்கிறாள். ஆனால் குழந்தை இல்லாத ஒருத்தி, நாள் தள்ளிப்போயிருக்கும்போது, இல்லை வந்துவிட்டது என்று சொல்வாளா? சொன்னாள். கொட்டகைக்கு முன்னால் நின்ற எட்டுப் பப்பாளி மரங்களுக்காகச் சொன்னாள்.

சுருளிப்பட்டியில் அந்தத் தெருவில் இந்தக் கட்டுப்பாடெல்லாம் மற்ற வீடுகளில் எப்போதோ தளர்ந்துவிட்டது. மொக்கம்மாள் வீட்டில் மட்டும் இல்லை. உள்ளறையில் குலதெய்வத்தின் சாமிப் பெட்டி இருந்தது. மாதத்தில் மூன்று நாள் மருமகள் வாசற்படி மிதிக்கக் கூடாது. தனித் தட்டு, தனிச் செம்பு, விறகு அடுக்கிய கொட்டகையில் படுக்கை. செடி கொடியைத் தொடக் கூடாது. அவள் கூலிக்குப் போகும் திராட்சைத் தோட்டத்திலும் அந்த நாட்களில் பந்தலுக்குள் விடமாட்டார்கள். ஆகவே முத்துலட்சுமியின் உடம்புக் கணக்கு வீட்டுச் சுவரில் தொங்கும் காலண்டர் மாதிரி. போகிற வருகிறவர்கள் எல்லாரும் பார்த்துக்கொள்ளலாம்.

இதில் பப்பாளி எங்கே வந்தது என்றால், அது ஒரு பெரிய தலைவலி.

கல்யாணமான இரண்டாம் வருடம் அவளுக்கு நாள் தள்ளிப்போனது. கம்பம் பஸ் ஸ்டாண்டில் மிளகாய்ப்பொடி தூவிய பப்பாளித் துண்டு ஒரு தட்டு வாங்கித் தின்றாள். எட்டாம் நாள் கலைந்துவிட்டது. பேசாமல் இருந்திருக்கலாம். இவள் வெள்ளந்தியாக மாமியாரிடம் போய், பழம் தின்றதைச் சொல்லிவிட்டாள். அவ்வளவுதான். டாக்டரம்மா தலையில் அடித்துக்கொண்டு சொன்னார், ஒரு தட்டுப் பழத்தில் எதுவும் ஆகாது என்று. யார் கேட்டது?

கேட்காவிட்டாலும் மரத்தை ஒரேயடியாக விலக்கிவிடவும் முடியவில்லை. மொக்கம்மாளுக்கே காலையில் இரண்டு துண்டு பப்பாளி உள்ளே போனால்தான் வயிறு வழிக்கு வரும். குளியலறைத் தண்ணீர் ஓடும் அந்தக் கொல்லையில் முருங்கை வைத்தால் கம்பளிப்பூச்சி, கத்தரி வைத்தால் சொத்தை. பப்பாளி ஒன்றுதான் துப்பிய விதையிலிருந்தெல்லாம் முளைத்து வந்தது. அதுவும் முத்துலட்சுமி கைபட்டால் நிச்சயம் வந்தது. கன்றுகளைத் தண்ணீர் தேங்காத மேட்டில் பிரித்து வைப்பாள், அடுப்புச் சாம்பலும் ஆட்டுப் புழுக்கையும் போடுவாள். வேறெதற்கும் அவள் கையை ராசியான கை என்று அந்த வீட்டில் யாரும் சொன்னதில்லை.

ஆக, மரம் இருக்கலாம். மருமகளுக்கு நாள் தள்ளிப்போகும் வரை இருக்கலாம். தள்ளிப்போனால் மொக்கம்மாள் அரிவாளை எடுத்துவிடுவாள். அதன் காற்றுகூட மருமகள் மேல் படக் கூடாதாம்.

இரண்டு முறை அப்படி நடந்தது. முதல் முறை ஐந்து மரம், பிஞ்சு விட்டிருந்தன. வெட்டிய நான்காம் நாள் முத்துலட்சுமி கொட்டகைக்கு வந்துவிட்டாள். இரண்டாம் முறை ஆறு மரம். ஒவ்வொன்றிலும் இருபது முப்பது காய். பப்பாளித் தண்டு உள்ளே கூடு. இரண்டே போடு, சடசடவென்று சாயும். காய்கள் விழுந்து வெடித்து, பால் வழிந்து கொட்டகைச் சுவரெல்லாம் வெள்ளைத் தாரை. அந்தச் சத்தம் கேட்டுத் தெருவே கொல்லைக்கு வந்தது. மரம் விழுந்தால் செய்தி அது. "என்ன மொக்கம்மா, நல்ல சேதியா?" என்று கேட்டுச் சிரித்தார்கள். போதாக்குறைக்கு அவள் புருஷன் நாகராஜ், ஏலக்காய்த் தோட்ட வேலைக்குப் பெண்களைக் குமுளிக்கு ஏற்றிப்போகும் ஜீப் டிரைவர், ஜீப்பில் இருந்த பதினெட்டுப் பேரிடமும் சொல்லிவிட்டான். ஒன்பதாம் நாள் அவள் பாயோடு கொட்டகைக்கு வந்தபோது அதையும் தெருவே பார்த்தது. யாரும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமல் பார்த்தார்களே, அதுதான் அவளைத் தின்றது.

அதற்குப் பிறகு முத்துலட்சுமிக்கு அலுத்துவிட்டது. குழந்தை வேண்டாம் என்றில்லை. ஆசைப்படுவது அலுத்துவிட்டது. பந்தலுக்குக் கீழே நாள் முழுக்கக் கையை மேலே தூக்கித் திராட்சைக் கொத்தில் காய் கழித்துவிட்டு வந்தால் கழுத்தும் தோளும் அவளுடையவையாகவே இருக்காது. அந்த அலுப்புக்குத் தூக்கம் இருந்தது. இதற்கு எதுவும் இல்லை.

இந்த முறை எட்டு மரம். குழிக்கு நான்கு கன்றாக வைத்து, பூ விட்டதும் பார்த்துப் பார்த்துக் கழித்தாள். நீளக் காம்பில் சரம் சரமாகப் பூத் தொங்கினால் ஆண். தண்டோடு ஒட்டிப் பூத்தால் பெண். ஆண் மரங்களையெல்லாம் பிடுங்கிவிட்டு ஒன்றை மட்டும் ஓரத்தில் விட்டுவைத்தாள். வேலிக்கு அந்தப் பக்கத்து வீட்டு அக்கம்மாள் எட்டிப் பார்த்துக் கேலி செய்தாள்.

"என்ன முத்து, ஏழு பொம்பளைக்கு ஒரு ஆம்பள போதுமா?"

"எங்க வீட்ல ஒண்ணே பெருசுக்கா" என்றாள் முத்துலட்சுமி. அக்கம்மாள் சிரித்துச் சிரித்து வேலியைப் பிடித்துக்கொண்டாள்.

பத்து மாதத்தில் ஏழிலும் காய் இறங்கியது. கழுத்தில் பானை கட்டியது போல அடுக்கடுக்காக. முதல் மரத்தில் நாலைந்து காய்களில் மஞ்சள் கீற்று விழுந்த அந்த வாரம்தான் அவளுக்குத் தேதி தப்பியது. முதல் நாள் பார்த்தாள். இரண்டாம் நாள் பார்த்தாள். மாமியார் காலண்டரைப் பார்ப்பதையும் பார்த்தாள். மூன்றாம் நாள் பாயை எடுத்துக்கொண்டாள்.

எப்படியும் நாலு நாளில் வந்துவிடப்போகிறது, அதற்கு எதற்கு எட்டு மரம் சாகணும், தெரு எதற்குச் சிரிக்கணும்? அவ்வளவுதான் அவள் கணக்கு.

மூன்று நாளும் கொட்டகையில் சும்மா உட்கார்ந்து மரங்களைப் பார்த்தாள். கையைத் தூக்க வேண்டாம், அடுப்பில் ஊத வேண்டாம். இவ்வளவு வருடத்தில் வலி இல்லாமல் அந்தக் கொட்டகையில் இருந்தது அதுதான் முதல் தடவை. நன்றாகத் தூங்கினாள். நாகராஜ் வேலிப்பக்கம் வந்து, "என்னா, கப்பளங்கா பழுத்துருச்சு போல" என்று மலையாளத்தில் பேர் சொல்லி ஒரு பழத்தைப் பறித்துக்கொண்டு ஜீப்பேறினான். அவனுக்கு என்ன தெரியும், பாவம்.

நாலாம் நாள் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு வீட்டுக்குள் போனாள். நாலு நாள் பத்து நாளானது, பத்து இருபதானது. எதுவும் வரவில்லை.

திராட்சைக்கு மயில்துத்த மருந்து அடித்திருந்த ஒரு காலையில், அந்த வாடை மூக்கில் ஏறியதும் பந்தல் கல்தூணைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தாள். எடுத்துவிட்டு அங்கேயே குத்தவைத்து உட்கார்ந்தாள். ஐயோ, தங்கிவிட்டதே என்றுதான் முதலில் நினைத்தாள். சந்தோஷம் இல்லை. வேண்டாம் வேண்டாம் என்று கதவடைத்து வைத்திருந்த ஆசை, பின்வாசல் வழியாக உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது. அதை வெளியே தள்ள அவளிடம் தெம்பு இல்லை.

அடுத்த தேதியும் வந்தது. என்ன செய்வாள்? இப்போது உண்மையைச் சொன்னால் போன மாதத்துப் பொய்யையும் சொல்ல வேண்டும். மறுபடியும் பாயைச் சுருட்டிக்கொண்டு கொட்டகைக்குப் போனாள்.

இரண்டாம் நாள் பகலில் மொக்கம்மாள் சோற்றுத் தட்டோடு வந்தாள். தட்டைத் தள்ளிவிட்டு வழக்கம்போலப் போகவில்லை. எதிரில் விறகுக் கட்டையில் உட்கார்ந்தாள். சோற்றின் மேல் அவித்த முட்டை இரண்டு இருந்தது.

"எத்தன நாளு ஆச்சு?" என்றாள்.

முத்துலட்சுமி தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "என்னத்தே?"

"எங்கிட்டயே நடிக்காத. போன மாசம் வேலியில துணி காயல. சரி, கொட்டகைக்குள்ளயே காயப்போட்டுருப்பன்னு நெனச்சேன். ஆனா பழம் பழுத்துக் கெடக்கு, நீ ஒரு துண்டு தொடல. தூரமா இருந்தா மொதல்ல பழத்தத்தான கேப்ப? இந்தத் தெருவே தின்னுருச்சு, வளத்தவ திங்கல. மரம் வேணும்னு பொய் சொல்லத் தெரிஞ்சவளுக்குப் பழத்தத் திங்க மட்டும் பயமா?"

உண்மை அதுதான். பழத்தில் ஒன்றுமில்லை என்று இத்தனை வருடமாக மனசுக்குள் சண்டை போட்டவள், ஒரு மாதமாகப் பழத்தின் பக்கம் கையைக் கொண்டுபோகவில்லை. வாடை வந்தால் மூச்சைக்கூட அடக்கிக்கொண்டாள்.

"அறுவது நாளுத்தே" என்றாள். சொன்னதும் அழுகை வந்துவிட்டது.

மொக்கம்மாள் எழுந்தாள். கொட்டகைக் கூரையில் செருகியிருந்த அரிவாளை உருவினாள். முத்துலட்சுமி கண்ணை மூடிக்கொண்டாள். முடிந்தது என்று நினைத்தாள். முதல் போடு விழப்போகிறது, தெரு வரப்போகிறது. சத்தமே இல்லை. கண்ணைத் திறந்தபோது மாமியார் மரத்தடியில் நின்று, ஆண் மரத்திலிருந்து ஏழாவது மரம் வரைக்கும் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பி வந்து அரிவாளைக் கூரையிலேயே செருகினாள்.

"வெட்டலயாத்தே?"

"வெட்டுனா தெருவுக்கே தண்டோரா போட்ட மாதிரி. ரெண்டு தடவையும் அப்படித்தான் போட்டேன். அத்தன பேரு கண்ணும் உன் வயித்து மேலதான் விழுந்துச்சு. கண்ணுபட்டுத்தான் போச்சுன்னு எனக்கு இப்பத் தோணுது. மரம் பாட்டுக்கு நிக்கட்டும். மரம் நிக்கிற வரைக்கும் ஒரு பயலுக்கும் சந்தேகம் வராது."

மாமியாரின் நம்பிக்கை எங்கேயும் போய்விடவில்லை, இடம் மாறி உட்கார்ந்துகொண்டது. எப்படியோ மரம் பிழைத்தது.

"அவுகட்ட சொல்லவா?"

"எவன்கிட்ட, நாகராஜுகிட்டயா? நல்லா இருக்கே! குமுளி மலை ஏறுறதுக்குள்ள ஜீப்பு பூரா சொல்லி முடிச்சுருவான். மூணு மாசம் தாண்டட்டும்."

அதிலிருந்து இரண்டு வாரம் அந்த வீட்டில் வேறொரு மொக்கம்மாள் இருந்தாள். மருமகளைத் தோட்ட வேலைக்குப் போகவிடவில்லை. கேட்டவர்களிடம் தோள்பட்டை பிசகிவிட்டது என்று அளந்துவிட்டாள். தெருவுக்குச் சந்தேகம் வரக் கூடாதென்று தினமும் தானே தொரட்டியால் பழம் பறித்து வீடு வீடாகக் கொடுத்தாள். "என்னா மொக்கம்மாளுக்குத் திடீர்னு இம்புட்டுத் தாராளம்" என்று ஊர் அதிசயப்பட்டது. தெரு முழுக்க வயிறு சுத்தமானது. மொக்கம்மாள் மட்டும் தன் காலைப் பழத்தை நிறுத்திவிட்டாள்.

"நீங்க ஏன்த்தே திங்க மாட்டேங்கிறீக? ஒங்களுக்கென்ன?"

"எனக்கு ஒண்ணும் இல்ல. நீ பாத்துக்கிட்டு இருக்கையில எனக்கு எறங்கல" என்று சொல்லிவிட்டு, வயிறு வழிக்கு வராமல் நாள் முழுக்க முணுமுணுத்துக்கொண்டு திரிந்தாள்.

முத்துலட்சுமி அந்த இரண்டு வாரமும் பயந்துபோய்த்தான் இருந்தாள். ஆனால் துணைக்கு ஆள் வந்துவிட்டால் ஆசைக்கும் தைரியம் வந்துவிடுகிறது. சாயங்காலம் இரண்டு பேரும் கொல்லைப் படியில் உட்கார்ந்து மரங்களுக்குத் தண்ணீர் போவதைப் பார்த்தார்கள். மார்கழியில் பிறக்கும் என்று மொக்கம்மாள் விரல் விட்டு எண்ணினாள். மார்கழிக் குளிருக்குக் கம்பளி வேண்டும் என்றாள். முத்துலட்சுமி, "பேசாம இருங்கத்தே" என்றாள். மனசுக்குள் அவளும் எண்ணினாள்.

எழுபத்தி நாலாம் நாள், செவ்வாய்க்கிழமை, வாசல் தெளித்துக்கொண்டிருந்தபோது இடுப்பில் ஒரு வலி பிடித்தது. வாளியை வைத்துவிட்டு நிமிர்ந்தாள். காலில் ஈரம் இறங்கியது. தண்ணீர்தான் தெளித்திருக்கும் என்று ஒரு நிமிடம் தன்னையே ஏமாற்றிக்கொண்டாள்.

மொக்கம்மாள் ஒரு வார்த்தை கத்தவில்லை. பழைய சேலையை மடித்துக் கொடுத்தாள், முந்தானையை இழுத்துப் போர்த்திவிட்டாள், கன்னத்தில் ஒரு துண்டைச் சுற்றிக் கட்டிவிட்டாள். எதிரில் வந்தவர்களிடமெல்லாம், "பல்லு வலி, ராத்திரி பூரா தூங்கல, கம்பத்துக்குக் கூட்டிட்டுப் போறேன்" என்றாள். டவுன் பஸ்ஸில் முத்துலட்சுமி கன்னத்துத் துண்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வலி எங்கேயோ இருக்க, கை எங்கேயோ இருந்தது.

ஆஸ்பத்திரியில் எல்லாம் முடிந்து படுத்திருந்தபோது, சீட்டு எழுதவந்த நர்ஸம்மா வாடிக்கையாகக் கேட்டாள். "பப்பாளி கிப்பாளி தின்னியாம்மா?"

முத்துலட்சுமி வாயைத் திறப்பதற்குள் மொக்கம்மாள் எகிறிவிட்டாள்.

"தொட்டுக்கூடப் பாக்கல. நானும் தொடல. இத்தன வருசமா இந்தக் கேள்வியத்தான் நானும் கேட்டேன், இனி நீ வேற கேக்காத. ரெண்டு தடவ மரத்த வெட்டுனேன், தங்கல. இந்தத் தடவ வெட்டாம விட்டேன். ஒருத்தருக்கும் சொல்லல, ஒரு கண்ணும் படல. இப்பவும் தங்கல. மரம் என்ன செய்யும்? ஊரு என்ன செய்யும்? இவதான் என்ன செய்வா?"

நர்ஸம்மா பேனாவை மூடிக்கொண்டு நின்றாள். பெரிய டாக்டரைப் பார்த்து என்ன காரணம் என்று முழுசாகச் சோதிக்கச் சொன்னாள், இவளை மட்டுமல்ல, புருஷனையும் சேர்த்து. மொக்கம்மாள் தலையை ஆட்டினாள். ஆஸ்பத்திரிப் பேச்சுக்கு அவள் தலையாட்டியது அதுதான் முதல் தடவை.

மத்தியானம் ஊர் திரும்பினார்கள். கன்னத்துத் துண்டை அவிழ்க்காமலே முத்துலட்சுமி நேராகக் கொட்டகைக்குப் போனாள். யாரும் போகச் சொல்லவில்லை. கால் தானாகப் போனது. பாய் இல்லை, வெறும் தரையில் உட்கார்ந்தாள். எட்டு மரமும் நின்றன. இலைக்குடையின் நிழல் முற்றமெல்லாம் ஆடியது. தெருவில் வழக்கமான சத்தம், யாரோ கோழியை விரட்டினார்கள். ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை, பரிதாபப்படவில்லை. மரம் நிற்க வேண்டும், தெருவுக்குத் தெரியக் கூடாது. அவள் கேட்டது அவ்வளவுதான். இரண்டும் கிடைத்துவிட்டன.

மொக்கம்மாள் தொரட்டியை எடுத்துக்கொண்டு வந்தாள். மூன்றாவது மரத்தில் ஒரு பழம், முழு மஞ்சள், காலையில் யாருக்கோ கொடுக்க வைத்திருந்தது. மெதுவாகத் திருகி, கீழே விடாமல் முந்தானையில் ஏந்தினாள். கூரையிலிருந்து அரிவாளை உருவி, பழத்தை இரண்டாக வகிர்ந்தாள். விதையை வழித்தாள். துண்டு போட்டு, மருமகளின் தனித் தட்டில் வைத்து அவள் மடியருகே தள்ளினாள்.

"தின்னு" என்றாள். "இப்பத் திங்கலாம்."

முத்துலட்சுமி அந்தத் துண்டுகளையே பார்த்தாள். ஆமாம், இப்போது தின்னலாம். இனி பயப்பட உள்ளே ஒன்றும் இல்லை. அழுதாள், சத்தம் வராமல், கன்னத்தில் கட்டிய துணியின் முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு அழுதாள். மொக்கம்மாள் அவள் பக்கத்தில், தோள் இடிக்க, தரையிலேயே உட்கார்ந்தாள். தூரம் என்று பார்க்கவில்லை. தட்டிலிருந்து ஒரு துண்டை எடுத்து மருமகள் வாயில் வைத்தாள். இன்னொன்றை எடுத்துத் தானும் தின்றாள். அவள் கண்ணிலும் தண்ணீர் வழிந்து தாடையில் நின்றது. துடைத்துக்கொள்ளவில்லை.

வேலிக்கு அந்தப் பக்கம் துணி உலர்த்த வந்த அக்கம்மாள், இலை இடுக்கு வழியாக இரண்டு பேரின் முதுகை மட்டும் பார்த்தாள். மாமியாரும் மருமகளும் ஒரே தட்டில் பழம் தின்பது அவளுக்கு அதிசயமாக இருந்திருக்க வேண்டும்.

"என்ன முத்து, பல்லு வலி போயிருச்சா? பழமெல்லாம் திங்கிற!"

மொக்கம்மாள் மருமகளின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். முத்துலட்சுமி வாயில் இருந்ததை விழுங்கினாள்.

"போயிருச்சுக்கா" என்றாள்.

"பழம் எப்படி இருக்கு, இனிப்பா?"

"நல்ல இனிப்புக்கா" என்றாள் முத்துலட்சுமி.